கையும் கேள்வியும்

மட்டக்களப்பின் புளியந்தீவில் ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லும் வழக்கம் இல்லை. வணக்கம் மேடைக்கும் வானொலிக்கும் உரியது. தேர்தல் காலத்தில் கைகூப்பிக்கொண்டு படியேறுகிறவருக்கு உரியது. தெருவில் ஒரு ஆளைக் கண்டால் நாங்கள் கேள்விதான் கேட்போம். "எங்க மனே போறாய்?" "இஞ்சதான், சந்தையடிக்கு." அவ்வளவுதான். நான் சந்தைக்குப் போகிறேனா, படம் பார்க்கப் போகிறேனா என்பதில் கேட்டவருக்கு ஒரு அக்கறையும் இல்லை. திரும்பி வரும்போது அவரே "எங்க போயிற்று வாறாய்?" என்பார். வாவிக்கரையிலிருந்து மரியாள் பேராலயத்தடியால் சந்தைக்குப் போய்வருவதற்குள் ஒரு பொடியன் தன் பயணத்தைத் தெரு முழுக்க ஒப்புவித்து முடித்திருப்பான். யாராவது கேட்காமல் விட்டால்தான் வீட்டில் யோசிப்பார்கள். "அவர் ஏன் ஒண்டும் கேக்கல்ல? என்ன கோவம்?"

முன்பின் தெரியாத வளவுக்குள் போனால் முதற் கேள்வி "ஆர்ர மகன்?" என்பது. பெயர் கேட்க மாட்டார்கள். எங்கள் பக்கத்தில் குடி தாய்வழியாக வருவது. வீடும் வளவும் பெண்பிள்ளைகளுக்குச் சீதனமாகப் போகும். மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருவான். ஆகவே தகப்பன் பெயரைச் சொன்னாலும் விசாரணை தாயிடம் போய்த்தான் நிற்கும். தாய் எந்த ஊர், தாயின் தாய் ஆர்ர மகள், அவர்கள் என்ன குடி. நாலு பெயருக்குள் ஏதாவது ஒரு சொந்தம் அகப்பட்டுவிடும். "அப்ப நீ எனக்கு மருமகன் முறை" என்று சொல்லிவிட்டுத்தான் தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டுவார்கள். தன் பெயரைத் தானே முந்திக்கொண்டு சொல்வது பெருமை பேசுவதாகிவிடும். வடமோடிக் கூத்தில் களரிக்கு வருகிற அரசன் மட்டும்தான் தான் இன்ன நாட்டு மன்னன் என்று தானே பாடி ஆடலாம். மற்ற எல்லாரையும் இன்னொருவர்தான் சொல்லிவைக்க வேண்டும்.

கேள்விக்கு இப்படி அளவில்லை. ஆனால் உடம்பில் கை படாது. சித்திரைப் புத்தாண்டில் மருத்துநீர் வைத்துக் குளித்தபின், பஞ்சாங்கம் சொன்ன நேரத்தில் அப்பா கைவிசேடம் தருவார். வெற்றிலையில் வைத்த காசு. அவருடைய விரல்கள் வெற்றிலைக்கு அந்தப் பக்கம், என்னுடையவை இந்தப் பக்கம். விவரம் தெரிந்த பிறகு அவருடைய கை என் கைக்கு அவ்வளவு கிட்ட வந்தது வருடத்தில் அந்த ஒரு தடவைதான். கை கொடுக்கும் ஆட்களை நான் கண்டது வேறு இடங்களில். போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் பிடித்த கோட்டைக்குள் எங்கள் அரசாங்க அலுவலகமான கச்சேரி இருந்தது. அங்கே நீளக் காற்சட்டை உத்தியோகத்தர்கள் கைகுலுக்குவார்கள். காத்தான்குடியிலிருந்து வரும் வியாபாரிகள் தங்களுக்குள் சலாம் சொல்லி இரண்டு கையாலும் பற்றிக்கொள்வார்கள். அவர்களும் எங்களைக் கண்டால் "என்ன மச்சான், எங்க போறாய்?" என்றுதான் கேட்பார்கள்.

விருந்தாளி வந்தால் வெற்றிலை வட்டாவை முன்னால் வைத்துப் பாயை விரிப்போம். மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று யாழ்ப்பாணத்தார் பகிடியாகவும் கொஞ்சம் பயத்தோடும் சொல்வார்கள். மந்திரம், மாயம், மருந்து என்று காரணமும் சொல்வார்கள். மந்திரமும் இல்லை, மருந்தும் இல்லை. கேள்வி முடிந்தால்தானே விருந்தாளி எழும்பலாம்!

இந்த முறையை வெளியிலிருந்து வந்து பழகியவர்களையும் நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். 1940களில் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்சிலிருந்து யேசுசபைக் குருமார் எங்கள் ஊருக்கு வந்தார்கள். மைக்கல் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கியவர்கள் அவர்கள்தான். வெபர் அடிகளாரின் பெயர் இன்றும் ஊர் மைதானத்துக்கு இருக்கிறது. வெள்ளை அங்கியோடு சைக்கிளில் போகும் வயதான பாதர் ஒருவர் எங்களைக் கண்டால் "சோறு திண்டயா மனே?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் மிதித்துக்கொண்டு போய்விடுவார். பதிலுக்கு நிற்கத் தேவையில்லை என்பதைக்கூட அவர் கற்றிருந்தார். ஒரு அமெரிக்கனுக்கு அதைக் கற்க எத்தனை வருடம் எடுத்திருக்கும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

பிறகு போர் வந்து, அதே கேள்வியை வேறு ஆட்கள் கேட்கத் தொடங்கினார்கள். 1987இல் வந்த இந்தியப் படைச் சிப்பாய் "கிதர் ஜாத்தா ஹை?" என்றான். அவனுக்கு முன்னும் பின்னும் கல்லடிப் பாலத்தடியில் நின்ற இலங்கைப் படையினர் "கொஹெத யன்னே?" என்றார்கள். சிங்கள ஊர்களில் அயலவர்கள் தெருவில் கண்டு விசாரிக்கிற சாதாரணக் கேள்விதான் அது. துவக்கு வைத்திருப்பவன் கேட்டால் "இஞ்சதான்" என்று சொல்லித் தப்ப முடியாது. அடையாள அட்டையை நீட்டிவிட்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்போம். சுற்றிவளைப்பு நடந்தால் தலையாட்டி வருவான். முகத்தைச் சாக்கால் மூடிய அந்த ஆள் தலையை அசைத்தால் போதும், எதிரில் நின்றவன் வீடு திரும்ப மாட்டான். கொஞ்சம் கொஞ்சமாக நாங்கள் ஒருவரையொருவர் கேட்பதை விட்டோம். தெரிந்துவைத்திருந்தால் சொல்ல வேண்டிவரும். தெரியாமல் இருப்பது இருவருக்கும் நல்லது. 1990இல் நான் பையோடு வெளிக்கிட்டபோது, எங்கே போகிறாய் என்று ஒழுங்கையில் ஒருவரும் கேட்கவில்லை.

*

சுவிஸில் எல்லையோரமாக குரொய்ட்ஸ்லிங்கன் என்றொரு ஊர். அகதி விண்ணப்பம் கொடுப்பவர்களை அப்போது அங்கே பதிந்து, பிறகு மாநிலங்களுக்குப் பங்குபிரித்து அனுப்புவார்கள். என் பங்கு பேர்ண் மாநிலம். விசாரணை அறையில் ஒரு மேசை, ஒரு அதிகாரி, ஒரு மொழிபெயர்ப்பாளர், தட்டச்சு செய்ய ஒரு பெண். தகப்பன் பெயர்? தாய் பெயர்? தாய் பிறந்த ஊர்? வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு எந்த வழி? சந்தை எந்தப் பக்கம்? ஊரில் யாரைத் தெரியும்? எப்போது வெளிக்கிட்டாய், யாரோடு வந்தாய்? திண்ணையில் இருந்து என் பெரியம்மா கேட்கும் கேள்விகள் ஒன்று விடாமல் அங்கே வந்தன. பதில்கள் பிழைத்தால் திருப்பி அனுப்புவார்கள் என்பது ஒன்றுதான் வித்தியாசம். அதற்குப் பிறகு அந்த நாட்டில் வெகுகாலம் எவரும் என்னிடம் அவற்றைக் கேட்கவில்லை.

முதல் வேலை எம்மென்டால் பள்ளத்தாக்கில் ஒரு கிராமத்து உணவுவிடுதியில் சட்டி கழுவுவது. 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு வந்த எங்கள் ஆட்களில் பெரும்பாலானோர் இப்படிச் சமையலறைப் பின்கதவால்தான் அந்த நாட்டுக்குள் நுழைந்தார்கள். விடுதி முதலாளி காலையில் வந்ததும் சமையலறையைச் சுற்றி வருவார். தலைமைச் சமையற்காரரில் தொடங்கிச் சட்டி கழுவும் என் வரைக்கும் ஒவ்வொருவருக்கும் கை கொடுத்துப் பெயரைச் சொல்லிக் காலை வணக்கம் சொல்வார். ஊரில் ஒரு கடை முதலாளி கூலிக்காரனுக்குக் கை கொடுத்து நான் பார்த்ததில்லை. என் கை எப்போதும் சவர்க்காரத் தண்ணீருக்குள் இருக்கும். துடைப்பதா, அப்படியே நீட்டுவதா? பக்கத்தில் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்த போர்த்துக்கல்காரன் செய்துகாட்டினான். கை ஈரமென்றால் விரல்களை மடக்கி மணிக்கட்டை நீட்ட வேண்டும். முதலாளி மணிக்கட்டைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போவார். கை கொடுக்காமல் விட மட்டும் வழியில்லை.

கொடுத்தால் போதாது, இறுக்கிப் பிடிக்கவும் வேண்டும். நாங்கள் பெரியவர்களிடம் எதையும் மென்மையாகத்தான் வாங்குவோம். என் கையும் அப்படித்தான் போனது. கை தளர்ந்திருந்தால் மனசில்லாமல் கொடுக்கிறான் என்று அவர்கள் எடுப்பார்கள். அதோடு கண்ணைப் பார்க்க வேண்டும். இதுதான் எனக்கு மலையாக இருந்தது. பெரியவரின் முகத்தை நேரே பார்த்தால் "என்ன முழிக்கிறாய்?" என்று அதட்டும் வீட்டில் வளர்ந்தவன் நான், காவலரண்களில் நின்று நின்று அந்தப் பாடத்தை இன்னும் நன்றாகப் படித்தவன். ஆகவே ஒரு வழி கண்டுபிடித்தேன். இரண்டு புருவத்துக்கும் நடுவில், பொட்டு வைக்கும் இடத்தைப் பார்ப்பது. அவர்களுக்கு அது கண்ணைப் பார்ப்பதாகவே தெரியும். விருந்தில் கிளாசை முட்டும்போதும் இதே சட்டம்தான். மேசையில் எட்டுப் பேர் இருந்தால் எட்டுப் பேரின் கண்ணையும் தனித்தனியே பார்த்து, பெயரைச் சொல்லி முட்டிய பிறகுதான் வாயில் வைக்கலாம்.

தெரியாதவருக்கும் முகமன் உண்டு என்பது இன்னொரு ஆச்சரியம். வைத்தியரின் காத்திருப்பு அறைக்குள் நுழைகிறவர் அங்கே இருக்கிற எல்லாருக்கும் பொதுவாக "குரூயெசெக் மிதனாண்ட்" என்பார். சூரிச் பக்கத்தில் அது "குரூயெட்சி". எல்லாரும் பதில் சொல்வார்கள். பிறகு ஒரு மணித்தியாலம் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். எழும்பிப் போகிறவர் போகும்போது மறுபடி எல்லாருக்கும் சொல்லிவிட்டுப் போவார். மலைப்பாதையில் எதிரே வருகிறவர் மூச்சு வாங்கிக்கொண்டும் சொல்வார். கடையில் காசு வாங்கும் பெண் முதலில் அதைச் சொல்லிவிட்டுத்தான் பாலைத் தூக்கிப் பதிவாள். எங்கள் மருந்துச்சாலையில் இரண்டு பேர் ஒரு வாங்கில் அரை மணித்தியாலம் இருந்தால் நோய், மருந்து, மகளின் கலியாணம் எல்லாம் தெரிந்துவிடும். ஆனால் இருவரும் ஒருவருக்கொருவர் முகமன் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பேர்ண் நகருக்கு வந்தபிறகு நாங்கள் இருந்த மாடிவீட்டில் கீழ்வீட்டுக்காரர் ஒருவர். படியில் காணும் ஒவ்வொரு முறையும் என் நீளமான பெயரை ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்லி, கை கொடுத்து, நல்ல நாள் வாழ்த்திவிட்டுப் போவார். அந்தப் பெயரை அவ்வளவு சுத்தமாகச் சொல்லப் பாடுபட்டுப் பழகியிருப்பார். ஆனால் நான் எந்த நாடு, ஏன் வந்தேன், தாய் தகப்பன் இருக்கிறார்களா என்று கேட்டதில்லை. 2004இல் கடல் வந்து கல்லடியையும் நாவலடியையும் கொண்டுபோனபோது தொலைக்காட்சியில் அவரும் பார்த்திருப்பார். படியில் கண்டார். கையைப் பிடித்தார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் நேரம் கூடப் பிடித்துக்கொண்டிருந்தார். கேள்வி கேட்கவில்லை. ஊரில் என்றால் வாசலில் வந்து நின்று "ஆருக்கு என்ன நடந்த? மறுகா?" என்று ஒவ்வொரு பெயராகக் கேட்டிருப்பார்கள்.

அந்தப் படியில் நின்றுதான் எனக்கு இரண்டு ஊரின் கணக்கும் விளங்கியது. புளியந்தீவில் உடம்பு தனியாருடையது, செய்தி பொதுவானது. பேர்ணில் கையும் கன்னமும் பொது. வேலி செய்தியைச் சுற்றித்தான். ஒவ்வொரு ஊரும் ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டு மற்றதைப் பூட்டுகிறது. எங்கள் பூட்டைக் கண்டு அவர்கள் எங்களை ஒதுங்கிகள் என்கிறார்கள். அவர்களுடைய பூட்டைக் கண்டு நாங்கள் அவர்களைக் கல்நெஞ்சர் என்கிறோம்.

*

கன்னம் என்றேனே, அதை என் மனைவிதான் சமாளிக்க வேண்டியிருந்தது. நன்றாகப் பழகிவிட்டால் அங்கே கன்னத்தோடு கன்னம் வைத்து மூன்று முத்தம். பேர்ண்காரர் முன்ச்சி என்பார்கள். பிரான்சுக்காரரிடம் ஊருக்கு ஊர் எண்ணிக்கை மாறும். பாரிஸில் இரண்டு, வேறு இடங்களில் மூன்று, நாலும் உண்டு. எந்தப் பக்கத்தில் தொடங்குவது என்பதில் சுவிஸ்காரரே தடுமாறி மூக்கை முட்டிக்கொள்வதைக் கண்டிருக்கிறேன். குடும்ப இணைப்பில் வந்த என் மனைவி முதல் விருந்திலேயே நிலைமையைப் படித்துக்கொண்டாள். அடுத்த விருந்திலிருந்து வாசலுக்கு வரும்போது இரண்டு கையிலும் ஒரு பெரிய தட்டு நிறைய ரோல்ஸ் இருக்கும். கை கொடுக்கவும் முடியாது, கிட்ட வரவும் முடியாது. சிரித்த முகத்தோடு தட்டை நீட்டுவாள். அவளை ஒதுங்கி என்று ஒருவரும் சொல்லவில்லை. ரோல்ஸ் செய்கிற கெட்டிக்காரி என்றுதான் பெயர் வந்தது. இந்த உத்தி எங்கள் பெண்களுக்குள் மெல்லப் பரவி, விருந்துகளுக்குப் போகும் தட்டுகளும் பெரிதாகின.

எனக்குக் கன்னத்தைவிடப் பெயர்தான் கஷ்டமாக இருந்தது. மரியாதைக்குப் பன்மையில் பேசுவது பேர்ண் மொழியிலும் உண்டு, நாங்கள் நீங்கள் என்பதைப் போல. நெருக்கம் வந்ததும் வயதில் மூத்தவர் முன்வந்து, இனி நீ என்றே சொல் என்று கை கொடுத்துத் தன் முதற் பெயரைச் சொல்வார். பெரும்பாலும் ஒரு கிளாஸ் வைனோடு நடக்கும் சின்னச் சடங்கு அது. நான் பிறகு வேலைக்குப் போன முதியோர் இல்லத்தின் சமையலறைப் பொறுப்பாளர், அறுபதை நெருங்கிய அம்மா, ஒரு மாலையில் எனக்கு அந்த மரியாதையைச் செய்தார். வெறும் பெயரையும் நீயையும் அம்மாவின் வயதுள்ள ஒருவருக்கு எப்படிச் சொல்வது? மாமி, அக்கா என்று வைக்க அந்த மொழியில் முறையும் இல்லை. ஆகவே அவரைக் கூப்பிடுவதையே விட்டேன். ஏதாவது கேட்க வேண்டுமென்றால் அவர் திரும்பிப் பார்க்கும்வரை பானையோடு பக்கத்தில் போய் நிற்பேன். அவர் ஓய்வு பெறும்வரை இப்படியே ஓடியது. நான் பொறுமைசாலி என்று பிரியாவிடைப் பேச்சில் சொன்னார்.

எங்கள் பிள்ளைகளுக்கு இந்தப் பாடு இல்லை. பாலர் வகுப்பு வாசலில் ஆசிரியை நின்று ஒவ்வொரு பிள்ளைக்கும் கை கொடுப்பார். பிள்ளை அவர் கண்ணைப் பார்த்து அவர் பெயரைச் சொல்ல வேண்டும். வீட்டுக்குப் போகும்போதும் அப்படியே. என் மகள் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து என்னிடம் பரீட்சை வைத்தாள். "அப்பா, நீங்க என்ர நெத்தியப் பாக்கிறீங்க. கண்ணப் பாருங்க." பொட்டு வைக்கும் இடத்தைக் கண்டுபிடித்த ஒரே ஆள் அவள்தான்.

2016இல் இந்த வாசல் கை ஒரு அரசியல் விஷயமாகியது. பாசல் நகருக்குப் பக்கத்துத் தேர்வில் என்ற ஊரில் இரண்டு முஸ்லிம் மாணவச் சகோதரர்கள் சமயக் காரணம் சொல்லி ஆசிரியைக்குக் கை கொடுக்க மறுத்தார்கள். பாடசாலை அவர்களுக்கு விலக்குக் கொடுத்தது. நாடே கொதித்தது. அந்த வருடம் மே மாதம் மாநில அரசு விலக்கை நீக்கி, மறுத்தால் பெற்றோருக்கு 5,000 பிராங்க் வரை தண்டம் விதிக்கலாம் என்றது. வேலையிடத்தில் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நானும் கை கொடாத ஊரிலிருந்து வந்தவன்தானே. ஆசிரியைக்கு மரியாதை இல்லாமற் போகக்கூடாது என்றேன். அதே மூச்சில், கைக்குத் தண்டம் போடத் தொடங்கினால் கை கொடுப்பதில் என்ன மரியாதை மிஞ்சும் என்றும் கேட்டேன். இரண்டு பக்கமும் எனக்குச் சரியாகப் பட்டது. அவர்களுக்கு அது பதிலாகப் படவில்லை.

*

ஏறத்தாழ 50,000 இலங்கைத் தமிழர் அந்த நாட்டில் இருக்கிறார்கள். எங்களுக்குள் சந்தித்தால் பழைய முறைதான். பேர்ணில் ஐரோப்பா சதுக்கத்தில் 2014இல் திறந்த சமயங்களின் இல்லத்தில் சைவக் கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் விகாரையும் ஒரே கூரைக்குக் கீழ் இருக்கின்றன. கோயிலுக்கு வரும் தமிழர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேள்வி தொடங்கிவிடும். "ஊரில நீங்க எவடம்?" மட்டக்களப்பு என்றால் "ஓ, பாயோட ஒட்டுற ஊர்" என்று ஒரு சிரிப்பு. பிறகு மட்டக்களப்பில் எவடம், எந்தப் பள்ளிக்கூடம், எந்த வீதி.

அந்தக் கேள்வி எங்கே போகிறது என்று கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும். வீதியைத் தாண்டினால் சாதி. எங்கள் பக்கத்து ஆள் என்றால் குடி. பதில் பிடிக்காவிட்டால் முகமன் அந்த இடத்திலேயே குளிர்ந்துவிடும். கணவனைப் பிரிந்து தனியே பிள்ளையை வளர்த்த ஒரு தங்கச்சி என்னிடம் ஒருமுறை சொன்னாள்: "அண்ண, வெள்ளைக்காரர்ர பஸ்ஸில ஏறினா எனக்கு மூச்சு வருது. ஒருத்தரும் அவர் எங்க எண்டு கேக்க மாட்டினம்." யாழ்ப்பாணத்துப் பிள்ளை அவள். ஊரை நினைத்து நான் ஏங்கிய அதே கேள்வியிலிருந்து தப்பத்தான் அவள் அந்த நாட்டின் மௌனத்துக்குள் போய் இருந்தாள். கேள்வி பொதுச் சொத்தாக இருக்கிற ஊரில் மறைக்க ஒன்று வைத்திருப்பவர் எங்கே போவார் என்று நான் அதற்கு முன் யோசித்ததில்லை.

மௌனத்தின் மறுபக்கத்தை முதியோர் இல்லத்தில் கண்டேன். 2020 மார்ச் தொடக்கத்தில், கொரோனாவால் கை கொடுக்க வேண்டாம் என்று அரசு அறிவித்தது. சுகாதார அமைச்சராக இருந்த அலன் பெர்சே முத்தங்களையும் விடச் சொன்னார். சில நாட்களுக்குள் இல்லத்துக்குப் பார்வையாளர் வருவதும் நின்றது. சக வேலையாட்கள் என்னிடம் கைகூப்பக் கற்றுக்கொண்டு ஒரு கிழமை அதை வைத்து விளையாடினார்கள். பிறகுதான் உறைத்தது. அந்தப் பெரியவர்களில் பலருக்கு, காலையில் தாதி கொடுக்கும் கைதான் ஒரு நாளில் இன்னொரு மனிதர் தங்களை ஆளாக மதித்துத் தொடும் ஒரே தருணம். அதுவும் போய்விட்டது. முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும்தான் மிச்சம்.

எனக்குத் தெரிந்த மற்ற வழியை எடுத்தேன். சாப்பாட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது கேட்கத் தொடங்கினேன். இரவு நித்திரை வந்ததா, கடிதம் வந்ததா, பிள்ளைகள் கதைத்தார்களா. சிலர் என்னை விநோதமாகப் பார்த்தார்கள். சிலர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வண்டிக்குக் காத்திருந்தார்கள். எண்பதைத் தாண்டிய ஒரு தாத்தாவிடம் ஒருநாள், எங்கள் ஊரில் புதிதாகக் காணும் ஆளிடம் யாருடைய மகன் என்றுதான் கேட்போம் என்று சொன்னேன். அவர் கரண்டியை வைத்துவிட்டார். தன்னைத் தாயிடமிருந்து பிரித்து ஒரு பண்ணைக்காரனுக்கு வேலைக்குக் கொடுத்தார்கள் என்றார். மாட்டுத் தொழுவத்துக்கு மேலே படுத்ததைச் சொன்னார். பிள்ளைகளுக்கே சொன்னதில்லையாம்.

அப்படிக் கொடுக்கப்பட்ட பிள்ளைகள் அந்த நாட்டில் ஒருவர் இருவர் அல்ல. வறிய வீட்டுப் பிள்ளைகளையும் மணமாகாத தாய்மாரின் பிள்ளைகளையும் அதிகாரிகள் பிரித்துப் பண்ணைகளுக்கு அனுப்பும் வழக்கம் கடந்த நூற்றாண்டிலும் வெகுகாலம் இருந்தது. எம்மென்டால் பண்ணைகளும் அதில் அடக்கம். 2013 ஏப்ரலில் அரசு பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. பிறகு சட்டம் செய்து, பாதிக்கப்பட்டு விண்ணப்பித்தவர் ஒவ்வொருவருக்கும் 25,000 பிராங்க் கொடுத்தது. தாத்தா விண்ணப்பிக்கவில்லை. விண்ணப்பித்தால் யாருடைய மகன் என்று எழுத வேண்டும் என்றார். அவருடைய அயலவர்களும் வாழ்நாள் முழுக்க அவருக்குத் தினமும் கை கொடுத்திருப்பார்கள், பெயரைப் பிசகாமல் சொல்லி. யாழ்ப்பாணத்துத் தங்கச்சிக்கு மூச்சு விட இடம் கொடுத்த அதே மௌனம்தான் இவருடைய கதையை எண்பது வயது வரைக்கும் உள்ளே வைத்துப் பூட்டியிருந்தது. எது நல்ல முறை என்று யாராவது கேட்டால் இந்த இரண்டு பேரையும்தான் நான் நினைப்பேன். இன்றுவரை என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை.

*

மகள் ஒரு பேர்ண் பிள்ளையைத்தான் கட்டினாள். கொரோனா முடிந்து பாதைகள் திறந்தபின் ஒரு ஆடி மாதம், மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்குச் சரியாக, எல்லாருமாக ஊருக்குப் போனோம். வீடு இப்போது அக்காவின் வீடு. எங்கள் முறைப்படி அது அவளுக்குத்தான் போனது. நான் அங்கே விருந்தாளி. கடப்படியில் வாகனம் நின்றதும் எனக்கு வந்த முகமன் வெளிநாட்டுக்காரர் எல்லாரும் வாங்குகிற இரட்டைக் கேள்விதான்: "எப்ப வந்தீங்க, எப்ப போறீங்க?"

மருமகன் தன் வழக்கப்படி வளவில் நின்ற அத்தனை பேருக்கும் கை கொடுக்கத் தொடங்கினான். ஒவ்வொருவரின் கண்ணையும் பார்த்தான். தன் பெயரைத் தானே சொன்னான். களரிக்கு அரசன் வந்துவிட்டான். ஆம்பிளைகள் சாரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினார்கள். அக்கா சேலைத் தலைப்பால் வாயை மூடிச் சிரித்துக்கொண்டே இரண்டு விரலைக் கொடுத்தாள். சின்னப் பிள்ளைகள் ஒருமுறை வாங்கிவிட்டு ஓடிப்போய் வரிசையின் பின்னால் மறுபடி நின்றார்கள். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த பக்கத்து வளவுக்காரருக்கும் அவன் போய்க் கொடுத்தான். ஒரு ஊரைக் கையால் சுற்றிவர அரை மணித்தியாலம் பிடித்தது.

கடைசியாகத் திண்ணையில் இருந்த பெரியம்மாவிடம் வந்தான். அவ கையைப் பிடித்தவ விடவில்லை. அப்படியே இழுத்துப் பக்கத்தில் இருத்திவிட்டா. கை நீட்டி வந்தவனுக்குத் தன் பங்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டாமா? கேள்வி தொடங்கியது. மகள் மொழிபெயர்த்தாள். தாய் எந்த ஊர்? தாயின் தாய் ஆர்ர மகள்? கூடப் பிறந்தது எத்தனை? வீடு சொந்தமா, வாடகையா? கடன் இருக்கா? அவனுடைய ஊரில் தாய்கூடக் கேட்காத கேள்விகள். அவன் முதலில் மனைவியின் முகத்தைப் பார்த்தான். பிறகு பெரியம்மாவின் கண்ணைப் பார்த்தான். ஒவ்வொன்றுக்கும் நேர்மையாக, விவரமாக, ஆண்டு திகதியோடு பதில் சொன்னான். பாட்டியின் பெயரைச் சொல்லும்போது நினைவு வராமல் பேர்ணிலிருந்த தாய்க்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டும் சொன்னான்.

"சம்பளம் எவ்வளவு மனே?" என்றா பெரியம்மா.

மகள் மொழிபெயர்க்கத் தயங்கினாள். சுவிஸில் ஒரே மேசையில் வேலை செய்கிறவர்களும், ஒரே வீட்டில் வளர்ந்த சகோதரங்களும் ஒருவருக்கொருவர் சொல்லாத செய்தி அது. "சொல்லு, பெரியவ கேக்கிறா" என்றேன் நான். அவன் கொஞ்சம் யோசித்தான். பிறகு கை இன்னும் அவவுடைய கைக்குள் இருக்க, மாதச் சம்பளத்தைப் பிராங்கில் சொல்லி, தொலைபேசியில் கணக்குப் பார்த்து, இலங்கை ரூபாவிலும் சொன்னான். பெரியம்மா தலையாட்டிவிட்டு, அவனுக்குத் தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னா.

அவன் எனக்கு மருமகனாகி எத்தனையோ வருடம். அவனுடைய சம்பளம் எனக்கும் அன்றைக்குத்தான் தெரியவந்தது.